கடலைப் பார்த்து நின்ற நகரம்: சென்னையின் புயல், வெள்ளம், வறட்சி வரலாறு

இந்தியாவில் வானிலையை மிக நீண்ட காலமாக அளந்துவரும் ஊர்களில் சென்னையும் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகளும் 1813 முதல் மழை அளவுகளும் எழுதப்பட்டு வந்துள்ளன; மண்டல வானிலை ஆய்வு மையம் இன்றும் நுங்கம்பாக்கத்தில்தான் இயங்குகிறது. இருநூறு ஆண்டுகளைத் தாண்டிய இந்த ஏடுகளைப் புரட்டினால், நம் காலத்துப் பெருமழைகள் புதிதாக முளைத்தவை அல்ல என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது. 1846 அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 52 செ.மீ. மழை பெய்தது. 1918 நவம்பர் மாதத்தில் மட்டும் 108 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 1976 நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 செ.மீ. பதிவானது. நகரத்தையே முடக்கிப் போட்ட 2015-ஐ எடுத்துக்கொண்டால், அந்த நவம்பரின் மொத்த மழை ஏறத்தாழ 105 செ.மீ.; டிசம்பர் முதல் நாள் பெய்த மழை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. அதாவது, 1918-ஐவிடச் சற்றுக் குறைவாக மழை பெற்ற மாதமும், 1846, 1976 ஆகிய ஆண்டுகளின் உச்சத்தைவிடக் குறைவாகப் பெய்த நாளும் சேர்ந்துதான் இந்த நகரத்தின் மிகப் பெரிய வெள்ளச் சேதத்தை உண்டாக்கியிருக்கின்றன.

எனவே மழையின் அளவை மட்டும் வைத்துச் சென்னையின் பேரிடர் வரலாற்றை எழுத முடியாது. எழுத வேண்டியது வேறொன்று: ஆபத்து எந்தத் திசையிலிருந்து வந்தது, நகரம் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது என்பது. முதல் இரண்டரை நூற்றாண்டுகளில் ஆபத்து கிழக்கிலிருந்து, கடல் வழியாக வந்தது. அதற்கேற்பவே நகரத்தின் அரண்களும் எச்சரிக்கைகளும் கடற்கரையில் உருவாயின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஆபத்து பெரும்பாலும் மேற்கிலிருந்து, ஏரிகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் வரத் தொடங்கியது. நகரமோ நீண்ட காலம் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

1639-இல் கம்பெனி இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய இந்தக் கடற்கரையில் கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடாவோ ஆழமான ஆற்று முகமோ கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கித் தரையில் மோதும்போது ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதைச் செலுத்தத் தெரிந்தவர்கள் இந்தக் கடற்கரையின் மீனவர்களும் படகோட்டிகளும் மட்டுமே. நகரத்தின் வணிகம் முழுவதும் அவர்களுடைய கைத்திறனை நம்பியே பல தலைமுறைகள் நடந்தது என்பதைச் சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் போதிய அழுத்தத்தோடு சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

திறந்த கடலில் நிற்கும் கப்பலுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் மரண காலம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை சோழமண்டலக் கரையை விட்டு விலகிப் போய்விடுவது மாலுமிகளின் வழக்கம். அந்த வழக்கத்தை மீறியதன் விலையை 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னையைக் கைப்பற்றியது. நகரத்தை ஆங்கிலேயரிடம் பணத்துக்குத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் புதுச்சேரி ஆளுநர் தூப்ளேக்கும் வாக்குவாதம் நீண்டுகொண்டே போக, கப்பல்கள் கடலிலேயே நின்றன. அக்டோபர் 13 இரவு தொடங்கிய புயலில் பல கப்பல்கள் மூழ்கின, மற்றவை பாய்மரம் இழந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். படையின் வலிமை போனபின் லா பூர்தொனே கிளம்பிச் சென்றார். பணம் பெற்று நகரத்தை விடுவிக்கும் ஒப்பந்தத்தைத் தூப்ளே ஏற்கவில்லை. சென்னை 1749 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது.

இந்த நிலையை மாற்றத்தான் செயற்கைத் துறைமுகம் திட்டமிடப்பட்டது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி வளைத்ததுபோல் கற்காரைப் பாளங்களால் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வந்த புயல் சுவர்களின் மேலடுக்குப் பாளங்களைப் பெயர்த்துத் துறைமுகத்துக்குள்ளேயே வீசியது. ஏறக்குறைய அரை மைல் நீளச் சுவர் போயிற்று. திரும்பக் கட்டி முடிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. கிழக்கு நோக்கியிருந்த வாயிலில் அலையும் மணலும் புகுந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூடி வடகிழக்குப் பக்கமாகப் புது வாயில் அமைத்தார்கள்.

அதே 1881-இன் கடைசி நாளில் இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் 31 அன்று நிக்கோபார்த் தீவுகளுக்கு அருகே ஏற்பட்ட பெரிய நிலநடுக்கத்தால் எழுந்த கடலலைகள் வங்கக் கடலோரத் துறைமுகங்களின் அலைமானிகளில் பதிவாயின. சென்னையின் அலைமானியும் அவற்றுள் ஒன்று. சேதம் ஏதும் பெரிதாக இல்லாததால் அந்தக் கோடுகள் ஆய்வாளர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டன.

துறைமுகம் கப்பல்களைக் காத்தது. கரையைக் காக்கவில்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் இந்தக் கடற்கரையோரமாகப் பெரும் அளவு மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீண்ட சுவர் அதைத் தடுத்ததும், தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய் ராயபுரம் முதல் எண்ணூர்த் திசை வரை கடல் கரையைத் தின்றது. மீனவக் குப்பங்களின் தெருக்கள், வீடுகள், கோயில்கள் கடலுக்குள் போயின. அங்கே பாறாங்கற்களைக் கொட்டியும் தூண்டில் வளைவுகளை அமைத்தும் கடலைத் தடுக்கும் வேலை இன்றுவரை முடியவில்லை. நகரம் பெருமையோடு காட்டும் மெரினாவும், வடசென்னை இழந்த கரையும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள். முதலாவதைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாவதைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

கப்பல்கள் கரை தட்டுவது அதன் பிறகும் நிற்கவில்லை. 1966 நவம்பர் 3 அன்று சென்னையைத் தாக்கிய புயலில் ஸ்டமாட்டிஸ் என்ற சரக்குக் கப்பல் மெரினா அருகே தரைதட்டியது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலின்போது பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்க் கரையருகே ஒதுங்கியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய ஊழியர்களில் சிலர் அலையில் கவிழ்ந்து இறந்தனர். மற்றவர்களைக் காப்பாற்றுவதில் உள்ளூர் மீனவர்களின் படகுகளும் உதவின.

கடல்வழி ஆபத்துக்கென உருவான எச்சரிக்கை முறை தமிழர் அனைவருக்கும் தெரிந்ததே. துறைமுகத்தில் 1 முதல் 11 வரை ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, வானொலியில் மீனவர்களுக்கான அறிவிப்பு, பின்னாளில் 2002-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார், 2004 முதல் புயல்களுக்குச் சூட்டப்படும் பெயர்கள் என அது படிப்படியாக வளர்ந்தது. புயல் எங்கே உருவாகிறது, எப்போது கரை கடக்கும் என்பதை இன்று நாட்கணக்கில் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இது பெரிய சாதனை. பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. ஆனால் கூண்டு ஏற்றப்படாத நாளிலும் நகரம் மூழ்க முடியும்.

மேற்கே இருந்த ஏரிகள்

சென்னைக்கு மூன்று ஆறுகள்: வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு. காவிரியைப்போல மலையில் பிறந்து ஓடிவரும் ஆறுகள் அல்ல இவை. ஆண்டின் பெரும்பகுதியில் இவற்றில் இயற்கையான நீரோட்டமே இராது. மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளின் உபரிநீர்தான் மழைக்காலத்தில் இவற்றை ஆறாக்குகிறது. ஏரி என்பது சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை கட்டி நீரைத் தேக்கும் அமைப்பு. மதகு வழியே வயலுக்குத் தண்ணீர் போகும். நிரம்பினால் கலங்கல் வழியே உபரி வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரியின் கலங்கல் ஆற்றில் முடியும். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள, சரிவே இல்லாத இந்தத் தட்டை நிலத்தில் பெருமழையை ஒரே நாளில் கடலுக்கு அனுப்ப முடியாது என்பதைத் தெரிந்தவர்கள், அதை வழிநெடுக நிறுத்தி நிறுத்தி அனுப்பிய ஏற்பாடு இது.

நகரம் வளர்ந்தபோது முதலில் போனவை வயல்கள். வயல் மனையானபின் மதகுக்கு வேலை இல்லை. மதகுக்கு வேலை இல்லாத ஏரியை அரசே பயனற்ற நிலமாகப் பார்த்தது. 1920-களில் மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியான நுங்கம்பாக்கம் ஏரியின் தரையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. முகப்பேர், வேளச்சேரி, அம்பத்தூர் எனப் பிற்காலக் குடியிருப்புகள் பலவும் இதே வழியில் வந்தவை, அவற்றுள் சில அரசு அமைப்புகளே மனை போட்டு விற்றவை. தனியார் ஆக்கிரமிப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. மழைக்காலத்தில் மாம்பலத்தின் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் முதல் ஆளாக மூழ்குவதற்கான காரணத்தை, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நில வரைபடத்தைப் பார்க்கிற எவரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தின் முதல் பெரிய எச்சரிக்கை 1943 அக்டோபரில் கிடைத்தது. பல நாட்கள் தொடர்ந்த மழையில் கூவம் கரை புரண்டு நகரின் நடுப்பகுதி மூழ்கியது. அடுத்தது 1976 நவம்பர்: அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் புகுந்து தரைத்தளத்தையும் தாண்டி ஏறியது. 1985-இலும் அடையாறு மீண்டும் பெருகியது. 1996 ஜூனில், பருவமே இல்லாத காலத்தில், ஒரே நாளில் 35 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. 2005 அக்டோபர் 27 அன்று 27 செ.மீ.; அந்த ஆண்டின் வெள்ளத்தைவிடக் கொடியது அதற்குப் பின் நடந்தது. டிசம்பர் 18 அன்று எம்.ஜி.ஆர். நகரில் நிவாரணச் சீட்டு வாங்க விடியுமுன்னே திரண்ட கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் பிழைத்தவர்கள் வரிசையில் இறந்தார்கள். பேரிடர்ப் பட்டியல்களில் இந்த நாள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை, இடம்பெற வேண்டும்.

2015 டிசம்பர்

2015-இல் நவம்பர் முழுவதும் விட்டுவிட்டுப் பெய்த மழையில் சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. மண்ணும் உறிஞ்சும் நிலையில் இல்லை. அந்த நிலையில் டிசம்பர் 1 அன்று வந்தது புயல் அல்ல. காற்றழுத்தத் தாழ்வுநிலையால் வந்த மழை. நகருக்குள் பெய்ததைவிட நகருக்கு வெளியே, நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை கடுமையாக இருந்தது. தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாயின. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அன்று மாலைக்குள் நொடிக்கு 29,000 கன அடியாக உயர்ந்தது.

அந்தத் தண்ணீர் நகருக்குள் வந்து சேர்ந்த நேரம் இரவு. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் போன இருட்டில், கணுக்கால் அளவு நின்ற நீர் சில மணி நேரத்துக்குள் முதல் மாடிப் படியில் ஏறியது. தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு எதை எடுத்துக்கொண்டு மேலே போவது என்று யோசிக்கக்கூட நேரம் இருக்கவில்லை. ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், பத்திரம் என ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு ஏறியவர்கள் பாக்கியசாலிகள். வடிந்தபின் சுவர்களில் ஆள் உயரத்துக்கும் மேலே படிந்திருந்த சேற்றுக் கோடு பல வீடுகளில் வெள்ளையடிக்கும்வரை அப்படியே இருந்தது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் அமைத்து நீட்டப்பட்டது. ஆறு விமான நிலையத்துக்குள் புகுந்து, 6-ஆம் தேதிவரை அது மூடிக் கிடந்தது. அந்தப் பருவமழையில் மாநிலம் முழுவதும் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

செம்பரம்பாக்கம் தாமதமாகத் திறக்கப்பட்டதா என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே அதன்பின் விவாதம் நடந்தது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டபோது, இதை மனிதரால் உண்டான பேரிடர் என்றே அது குறிப்பிட்டது. ஏரியின் நீர்மட்டத்தைக் கையாண்ட விதத்தைப் பற்றிய அதன் விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு மதகோடு பேச்சை நிறுத்திக்கொள்வது பாதி உண்மையைத்தான் சொல்லும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கத்தில். அதற்கு முன்பே ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் எனப் பல ஏரிகளின் நீர் மதகோ கட்டுப்பாடோ இல்லாமல் அடையாற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியது அந்த நீரால். செம்பரம்பாக்கத்தை எவ்வளவு திறமையாக இயக்கியிருந்தாலும் அப்பகுதிகள் தப்பியிருக்க முடியாது.

என் பார்வையில் அன்றைய பெரிய குறை எச்சரிக்கையில் இருந்தது. கடலில் புயல் சின்னம் தோன்றினால் எந்த மீனவர் எப்போது திரும்ப வேண்டும் என்பது வரை சொல்லும் முறை நம்மிடம் இருந்தது. ஏரி திறந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு எத்தனை அடித் தண்ணீர் வரும் என்று சொல்லும் முறை இருக்கவில்லை. திறந்ததற்கும் நகருக்குள் நீர் ஏறியதற்கும் இடையே சில மணி நேரம் இருந்தது. அந்த நேரம் வீணாயிற்று.

வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அப்புறப்படுத்தப்பட்டுப் பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்பே அவ்வாறு உருவானவை. இந்த மூன்று இடங்களும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளப் போக்கில் இருப்பவை. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், சதுப்பு நில வெள்ளத்தில் அவர்களைக் கொண்டுபோய் வைத்ததை எந்தக் கணக்கிலும் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கடல் மீண்டும் வந்த காலை

ஆபத்து மேற்குக்கு மாறிவிட்டது என்று சொல்வதில் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கத்தைச் சென்னையில் பலர் லேசாக உணர்ந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துக் கடல் உள்ளே வந்தது. மெரினாவில் நடைப்பயிற்சி செய்தவர்கள், மணலில் கிரிக்கெட் ஆடிய சிறுவர்கள், மீன் விற்ற பெண்கள், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் குப்பங்களின் வீடுகளில் இருந்தவர்கள் எனச் சென்னையில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் இறந்தனர். புயலுக்கான கூண்டு இருந்தது. சுனாமிக்கான எச்சரிக்கை இந்தியப் பெருங்கடல் முழுவதிலும் இருக்கவில்லை. ஹைதராபாத்தில் அதற்கான மையம் 2007-இல் தொடங்கியது.

அந்தக் காலையில் பல இடங்களில் கடல்நீரை வாங்கிக்கொண்டு உட்பகுதியைக் காத்தது பக்கிங்காம் கால்வாய். நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78-இல் தாது வருடப் பஞ்சத்தின்போது, பசியில் வந்தவர்களுக்குக் கூலி வேலையாக வெட்டப்பட்டது. அந்தக் கால்வாயின் மீதே பின்னாளில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் ஊன்றப்பட்டன.

தண்ணீர் இல்லாத ஆண்டுகள்

பஞ்சத்தையும் வறட்சியையும் வெள்ளத்திலிருந்து பிரித்து வேறொரு கதையாகச் சொல்வது வழக்கம். சென்னையில் அவை ஒரே கதை. 1781-82 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் பின்னாளில் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாக உள்ளது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. உள்மாவட்டங்களிலிருந்து நடந்தே வந்தவர்கள் சென்னையின் தெருக்களிலும் நிவாரண முகாம்களிலும் விழுந்து கிடந்த அதே நாட்களில், கடற்கரையிலும் ரயில் நிலையங்களிலும் தானிய மூட்டைகள் குவிந்திருந்தன. கடுமையான உடலுழைப்புக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று பஞ்சத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மழை பொய்த்தது இயற்கை. மற்றது முழுவதும் ஆட்சி எடுத்த முடிவு.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கையிருப்பு கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நகரத்தை மூழ்கடித்த செம்பரம்பாக்கத்தின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். 2011-க்குப் பின் விரிந்த சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன்மீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 42 கோடி லிட்டருக்கு மேல். அதாவது அப்படிப்பட்ட 170 ரயில்கள் கொண்டுவரும் நீர். ஒரே நாளில் 20 செ.மீ. பெய்தால் விழுவது ஏறத்தாழ 3,000 மில்லியன் கன அடி, கிட்டத்தட்ட புழல் ஏரி நிறைய. நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நகரத்தின் இரண்டே முக்கால் மாதக் குடிநீர். வெள்ளமாகக் கடலில் கலப்பதும் இந்தத் தண்ணீர்தான்; கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பதும் இதற்காகத்தான்.

இதைப் புரிந்துகொண்டு எடுக்கப்பட்ட முடிவுகளில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஆணைக்குத் தனி இடம் உண்டு. அடுத்த சில மழைகளிலேயே பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. ஆனால் பராமரிப்பு தொடரவில்லை. தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய் வழியே 1996-இல் வந்த கிருஷ்ணா நீர், 2004-இல் வந்த வீராணம் நீர், 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கிய கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையங்கள் ஆகியவை நகரத்தை ஓரளவு தாங்குகின்றன. எல்லாம் வெளியிலிருந்து வரும் நீர், அல்லது விலை கூடிய நீர்.

நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை சென்னையின் அனுபவம் சிறியது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு அதிர்வு நகரத்தை உலுக்கியது. 2002-இல் நகரம் நிலநடுக்க வரைபடத்தில் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. வெப்பத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி உச்சம். புயல் காற்றால் நேரடியாக அடிபட்டது 2016 டிசம்பர் 12 அன்று. வர்தா புயலின் மையமே நகரத்தின் மீது கடந்தபோது, நிழலுக்காகச் சாலையோரம் நடப்பட்டிருந்த தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மொகர் போன்ற வேர் ஆழமில்லாத வெளிநாட்டு மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வேம்பும் பூவரசும் அவற்றைவிடத் தாக்குப்பிடித்தன.

திசை மாறிய எச்சரிக்கை

2015-இன் பாடத்தில் ஒரு பகுதியையாவது நிர்வாகம் கற்றுக்கொண்டது 2020-இல் தெரிந்தது. நிவர் புயல் நெருங்கிய நவம்பர் 25 அன்று, செம்பரம்பாக்கம் நிரம்பும்வரை காத்திராமல், நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் பட்டப்பகலில், முன்னறிவிப்போடு, நொடிக்கு 1,000 கன அடியில் தொடங்கி மதகுகள் திறக்கப்பட்டன. குன்றத்தூர் தொடங்கி அடையாற்றங்கரை மக்களுக்கு அதற்கு முன்பே அறிவிப்பு போயிற்று. நீர் வெளியேற்றம் 9,000 கன அடியைத் தொட்டும் நகரம் தப்பியது. இப்போது ஏரியின் நீர்மட்டமும் திறப்பு அளவும் மழைக்காலத்தில் அன்றாடச் செய்தி. கூண்டு எண்ணைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் கன அடிக் கணக்குப் பேசுகிறார்கள்.

2023 டிசம்பரின் மிக்ஜாம் காட்டியது இன்னொரு நிலை. புயல் கரை கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆனால் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி 3, 4 தேதிகளில் பல இடங்களில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. கொந்தளித்த கடல் முகத்துவாரங்களில் ஆற்று நீரை உள்வாங்கவில்லை. கிழக்கும் மேற்கும் ஒரே நேரத்தில் அடைபட்டன. வடக்கே மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் நாரைகளின் இறகுகளிலும் ஒட்டியது; மீனவர்கள் வாளியால் அள்ளி அள்ளி அதை அகற்றினார்கள். தெற்கே வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் நீர் வடியவில்லை.

தெற்கின் சிக்கலுக்கு மதகைத் திறந்து மூடும் தீர்வு கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற ஒரே குறுகிய வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, பிறகு கோவளத்தருகே கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலமோ ஐம்பது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, குப்பைமேடும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் சாலைகளும் போக மீந்தது 2022-இல்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் இருபுறமும் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த மழை கடைசி நேரத்தில் வடக்கே விலகிச் சென்றுவிட்டது. ஒக்கியம் மடுவை அகலப்படுத்துவது, சதுப்பு நில எல்லையை வரையறுத்து அதற்குள் புதிய கட்டுமான அனுமதியை நிறுத்துவது, ஏரிகளுக்கு இடையிலான போக்குக் கால்வாய்களை மீட்பது ஆகிய மூன்றும் முடியாதவரை, அந்த மேம்பாலத்தில் இடம் பிடிக்க அவர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் முந்திக்கொண்டுதான் ஆக வேண்டும்.